சிப் ஆம்ப் கட்டுவதற்கு முன்: ஐசியை ஸ்பீக்கரும் சூடும் தேர்ந்தெடுக்கட்டும்

சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றியதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஐசி நல்லது என்பதுதான். எல்எம் 1875-ஆ, எல்எம் 3886-ஆ, டிடிஏ 7294-ஆ, இல்லை எங்கு பார்த்தாலும் கிடைக்கிற, கிளாஸ் டி எனப்படும் சுவிட்ச் வகை ஆம்ப்ளிஃபயர் போர்டா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டால் பாதிப் பதில் கையில் வந்துவிடும். உங்கள் ஸ்பீக்கரின் மின்தடை (இம்பிடன்ஸ்) எத்தனை ஓம்? ஐசிக்குள் பிறக்கிற சூடு எந்த வழியாக வெளியே போகப் போகிறது? இந்த இரண்டையும் விட்டுவிட்டு வாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினால், கிடைப்பது பெரும்பாலும் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜும் தேவைக்குக் குறைந்த ஹீட் சிங்க்கும்தான். ஹீட் சிங்க் என்பது ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு.

சிப் ஆம்ப் என்றால் முழு பவர் ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஐசிக்குள் அடங்கியது. வெளியே சில ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், ஒரு பவர் சப்ளை போதும். இது நல்ல ஒலிக்கு ஆகாத மலிவு வழி என்றுதான் நீண்ட காலம் பலர் நினைத்திருந்தார்கள். 1999-இல் ஜப்பானின் 47 லேப்ஸ் நிறுவனம் கெய்ன்கார்ட் என்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. 25 வாட்தான். உள்ளே இருந்தது எல்எம் 3875 ஐசி, அதைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்கள். விலையோ உயர்தரக் கருவிகளின் விலை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் உலகெங்கும் ஆர்வலர்கள் அதை வீட்டிலேயே கட்ட ஆரம்பித்தார்கள். கெய்ன்குளோன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்று எல்எம் 3875-இன் இடத்தை அதன் உறவுக்கார ஐசியான எல்எம் 3886 பிடித்துக்கொண்டது.

எத்தனை வாட் வேண்டும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவுதான் வேண்டும். சராசரி புத்தக அலமாரி ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 20 வாட்டில் அது 100 டெசிபல். 60 வாட்டில் ஏறக்குறைய 105. அதாவது மூன்று மடங்கு வாட் கொடுத்தும் 5 டெசிபல்கூட முழுதாக ஏறவில்லை. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை. ஓர் அறையில் உட்கார்ந்து கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஒரு வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். மீதியெல்லாம் மத்தள அடி, டிரம் அடி போன்ற திடீர் உச்சங்களுக்கு.

அதனால் ஒரு சேனலுக்கு 20 முதல் 40 வாட் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன். பெரிய கூடம், சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம்) குறைந்த ஸ்பீக்கர், திறந்த வெளி என்றால்தான் அதற்கு மேல் யோசிக்க வேண்டும்.

சூட்டுக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். தேர்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

எல்எம் 1875, எல்எம் 3886, டிடிஏ 2030, டிடிஏ 7294 எல்லாமே கிளாஸ் ஏபி வகை, அதாவது அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையிலும் வேலை செய்பவை. இவற்றில் ஸ்பீக்கருக்குப் போகாத மின்சாரம் ஐசிக்குள்ளேயே சூடாகிறது. அதிகபட்சச் சூடு எவ்வளவு என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. பவர் சப்ளையின் பிளஸ், மைனஸ் இரண்டையும் கூட்டிய மொத்த வோல்ட்டேஜை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை 19.7 பெருக்கல் ஸ்பீக்கர் ஓம் என்பதால் வகுங்கள். வருவது வாட்.

18-0-18 டிரான்ஸ்ஃபார்மரை, அதாவது நடு முனைக்கு இருபுறமும் 18 வோல்ட் ஏசி தருவதை, எடுத்துக்கொள்வோம். ரெக்டிஃபை செய்து டிசியாக மாற்றியபின் சுமார் ±25 வோல்ட் வரும், மொத்தம் 50. அப்படியானால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஐசியில் சுமார் 16 வாட் சூடு, 4 ஓமுக்கு சுமார் 32 வாட். பாட்டே ஓடாமல் சும்மா இருக்கும்போதும் ஐசி கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். எல்எம் 1875-க்கு அது 70 மில்லிஆம்பியர் அளவு, அதாவது இந்த வோல்ட்டேஜில் 3.5 வாட். எல்எம் 3886-க்கு 50 மில்லிஆம்பியர், 2.5 வாட். இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தச் சூடு வெளியே வரும் வழி. சிலிக்கானில் இருந்து ஐசியின் உலோக முதுகு வரை வருவதற்கு ஒரு தடை உண்டு. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் அது வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று போட்டிருக்கும். எல்எம் 1875-க்கும் டிடிஏ 2030-க்கும் 3 டிகிரி. எல்எம் 3886-இன் உலோக முதுகு வகைக்கு 1 டிகிரி. டிடிஏ 7294-க்கு அதிகபட்சம் 1.5. தொட்டி எவ்வளவு பெரியதானாலும் குழாயின் வாய் சிறியதானால் நீர் மெதுவாகத்தான் இறங்கும். ஹீட் சிங்க்தான் இங்கே தொட்டி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் 40 டிகிரி, சிலிக்கான் 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. நமக்கு இருப்பது 110 டிகிரி இடைவெளி. எல்எம் 1875-ஐ ±25 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஓட்டினால் சூடு 19 வாட் சொச்சம். ஐசியின் சொந்தத் தடையிலேயே 58 டிகிரி போய்விடும். ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் வைக்கும் மைக்காத் தகட்டில் இன்னும் கொஞ்சம். மீதி இருப்பதற்கு வாட்டுக்கு 2 டிகிரி அளவுள்ள ஹீட் சிங்க் ஒவ்வொரு ஐசிக்கும் தேவை. முடியும், செய்யலாம்.

அதே ஐசி, அதே வோல்ட்டேஜ், ஸ்பீக்கர் மட்டும் 4 ஓம் என்றால்? சூடு 35 வாட். ஐசிக்குள்ளேயே 105 டிகிரி ஏறிவிடுகிறது. மைக்காவையும் சேர்த்தால் 110 தாண்டிவிட்டது. எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் போட்டாலும் தீராது. இது தொடர்ச்சியான சைன் அலைக்கான கடைசி எல்லைக் கணக்கு, பாட்டில் சராசரி இதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் ஓரஞ்சாரமே இல்லாமல் ஒன்றைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அலைவரிசைகளில் 3 ஓம் பக்கமும் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்எம் 3886-ஐ அதே ±25 வோல்ட்டில் 4 ஓமுக்கு ஓட்டிப் பாருங்கள். சூடு 34 வாட்தான், ஐசியின் தடையில் போவது 34 டிகிரி மட்டும். மீதி இடைவெளி தாராளம். 8 ஓமுக்கு என்றால் எல்எம் 1875-க்குத் தேவைப்பட்டதில் பாதி அளவு ஹீட் சிங்க் போதும். இரண்டு ஐசிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே, கெப்பாசிட்டர்கள் ஒன்றே. வித்தியாசம் சூடு வெளியேறும் வாய் மட்டும்தான்.

இதை முதலில் பார்த்துவிட்டால் வாட் விளம்பரங்கள் மயக்காது.

எல்எம் 1875, டிடிஏ 2030

ஐந்தே கால்கள். துளைப்பலகையிலேயே சால்டர் செய்துவிடலாம். 8 ஓம் ஸ்பீக்கர், ±22 முதல் ±25 வோல்ட், 20 வாட்: எல்எம் 1875-க்கு இதுதான் வீடு. இந்த எல்லைக்குள் மிகச் சுத்தமாகப் பாடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதைத்தான் போடுவேன் என்றால் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மருக்கு இறங்கிவிடுங்கள். ±16 வோல்ட்டில் சூடு 15 வாட் அளவுக்கு வந்துவிடும், ஒலியிலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

டிடிஏ 2030 கால் அமைப்பில் இதைப் போலவே இருக்கும். ஆனால் அதன் எல்லை ±18 வோல்ட், ஏ என்று முடியும் வகைக்கு ±22. எல்எம் 1875-க்கென்று வைத்திருக்கும் ±25 வோல்ட்டில் டிடிஏ 2030-ஐச் செருகினால் அதன் ஆயுள் அத்தோடு முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று சொல்பவர்கள் இந்த வோல்ட்டேஜ் எல்லையைச் சேர்த்துச் சொல்வதில்லை. கணினி ஸ்பீக்கர், சிறிய ரேடியோ என்றால் டிடிஏ 2030 போதுமானது.

எல்எம் 386 பற்றியும் கேட்பார்கள். அரை வாட் சுற்றி தரும் எட்டுக் கால் ஐசி. கற்றுக்கொள்ள அருமையானது. இசை கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டாம்.

எல்எம் 3886

என்னிடம் ஒரே ஒரு ஐசி சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கியது. 2011-இல் அந்நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது முதல் அவர்கள் பெயரில் வருகிறது. டேட்டாஷீட் கணக்குப்படி ±28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட், 8 ஓமுக்கு 38 வாட். டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை 0.03 சதவீதம். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் தாமே சேர்க்கிற சிதைவு இதைவிடப் பல மடங்கு. ஆகவே ஐசிகளுக்குள் எது இனிமை என்ற விவாதத்தில் அதிக நேரம் போக்குவதைவிட, நல்ல கிரவுண்டு (பொதுப் பூஜ்ய வோல்ட்) இணைப்புக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

இதில் ஸ்பைக் என்ற பாதுகாப்புச் சுற்று உண்டு. அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் நிலைமை ஒவ்வொரு கணமும் கண்காணிக்கப்பட்டு, எல்லை மீறினால் மின்னோட்டம் கட்டுப்படுத்தப்படும். ஐசி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது வேலை செய்யும்போது ஸ்பீக்கரில் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். 4 ஓம் ஸ்பீக்கரை ±35 வோல்ட்டில் ஓட்டுகிறவர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள், ஐசி மட்டம் என்று முடிவு கட்டுவார்கள். வோல்ட்டேஜைக் குறைப்பதுதான் மருந்து. என் சிபாரிசு: 4 ஓமுக்கு 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், 40 வாட்டுக்கு மேல் கிடைக்கும். 8 ஓம் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் 22-0-22 வரை போகலாம். பின்னாளில் யார் எந்த ஸ்பீக்கரை மாட்டுவார்கள் என்று தெரியாத இடத்தில் 18-0-18 தான் பத்திரம்.

இரண்டு விவரங்கள். எட்டாவது கால் மியூட், ஒலியை அடக்குவது. அதிலிருந்து மைனஸ் பக்கம் குறைந்தது 0.5 மில்லிஆம்பியர் இழுக்காவிட்டால் ஐசி பேசாமல் இருக்கும். ±25 வோல்ட்டுக்கு 33 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். கட்டி முடித்து ஒலி வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள். அடுத்தது, டி என்று முடியும் வகையின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்காவும் திருகுக்கான பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்க்கில் மாட்டினால் பெட்டி முழுவதும் மைனஸ் வோல்ட்டேஜ். டிஎஃப் என்று முடியும் வகை பிளாஸ்டிக் முதுகோடு வருகிறது, மைக்கா வேண்டாம். ஆனால் அதன் சூட்டுத் தடை 1-க்குப் பதில் 2. மாட்டுவது எளிது, சூடு இறங்குவது கொஞ்சம் மந்தம். 8 ஓமுக்கு டிஎஃப் நன்றாகவே போதும்.

டிடிஏ 7294

எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் ஐசி, 15 கால்கள், அவுட்புட்டில் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள். ±40 வோல்ட் வரை வேலை செய்யும். அதைவிடப் பெரிய அண்ணன் டிடிஏ 7293. போர்டுகளில் 100 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். டேட்டாஷீட்டில் அந்த 100 வாட்டுக்குப் பக்கத்திலேயே 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றும் இருக்கும். தொடர்ந்து தரக்கூடியது 70 வாட், அதுவும் 8 ஓமுக்கு ±35, 4 ஓமுக்கு ±27 வோல்ட்டில். 4 ஓமுக்கு ஏன் வோல்ட்டேஜைக் குறைத்திருக்கிறார்கள்? மேலே போட்ட அதே சூட்டுக் கணக்குதான். ±35-இல் 4 ஓம் மாட்டினால் சூடு 62 வாட், ஐசிக்குள்ளேயே 93 டிகிரி.

உயர்ந்த வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கனவே கையில் இருக்கிறது, ஸ்பீக்கர் 8 ஓம், இடம் பெரியது என்றால் இதை எடுங்கள். ஸ்டேண்ட்பை, மியூட் கால்களில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைத்துத் தாமதப்படுத்தினால் ஆன் செய்யும்போது டப் என்ற சத்தமே வராது, அது நல்ல வசதி. சாதாரண அறைக்கு முதல் ஆம்ப்ளிஃபயராக இதைச் சொல்ல மாட்டேன். அதிக வோல்ட்டேஜ், பெரிய ஹீட் சிங்க், பெரிய பெட்டி, இவையெல்லாம் கேட்கவே போகாத 5 டெசிபலுக்காக.

இந்த ஐசிகள் எல்லாவற்றிலும் போலிகள் நடமாடுகின்றன. நம்ப முடியாத விலையில் கிடைக்கும் எல்எம் 3886-உம் டிடிஏ 7294-உம் பல நேரம் உள்ளே வேறு ஏதோ சிலிக்கானோடு வருகின்றன. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவது ஒன்றே நிச்சயமான வழி.

கிளாஸ் டி வழி

இது வேறு உலகம். இங்கே அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். நொடிக்குப் பல லட்சம் முறை இப்படி மாறி, கடைசியில் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்புகளை வடிகட்டி இசையாக்குகின்றன. சூடு மிகக் குறைவு. 90 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் உள்ள ஐசி 40 வாட் கொடுக்கும்போது வெளியேற்றும் சூடு 4 வாட்டைச் சுற்றித்தான். மேலே நாம் மூச்சைப் பிடித்துப் போட்ட கணக்கு இங்கே தேவையே இல்லாமல் போகிறது. டிரைபாத் நிறுவனத்தின் டிஏ 2024 போன்ற ஐசிகள் இந்த வழியை ஆர்வலர்களிடம் பிரபலமாக்கின. அந்த நிறுவனம் 2007-இல் திவாலானது. இன்று அந்த இடத்தில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116.

4.5 முதல் 26 வோல்ட் வரை ஒற்றைச் சப்ளையில் ஓடும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போதும். 8 ஓமுக்கு ஒவ்வொரு சேனலிலும் 20 வாட் அளவும், 4 ஓமுக்கு 40-க்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். மெயின்ஸ் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம் என்பது இதன் மிகப் பெரிய நன்மை. மின்வேலையில் கை பழகாதவர்கள், வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எடுக்கலாம். ஐசி கெட்டு ஸ்பீக்கருக்கு டிசி போவதைக் கண்டுபிடித்து நிறுத்தும் பாதுகாப்பும் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் நீங்கள் ‘கட்டுவது’ இங்கே குறைவு. 32 கால்கள், ஒரு காலுக்கும் அடுத்ததற்கும் 0.65 மில்லிமீட்டர். சாதாரண சால்டரிங் அயர்னோடு உட்காருபவருக்கு இது ஒத்துவராது. தயார் போர்டை வாங்கி, பெட்டி, சாக்கெட், வால்யூம் பொருத்துவதுதான் வேலையாக இருக்கும். போர்டுகளுக்குள் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அதைக் காயிலை வைத்துக் கண்டுகொள்ளலாம். மிளகு அளவுக் காயில்கள் இருந்தால் உரத்த பாஸ் வரும்போது அவற்றின் காந்தத் திறன் எல்லையை எட்டி ஒலி சிதையும். கனமான, மூடிய காயில்கள் உள்ள போர்டைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, இந்த ஐசி தன்னைத் திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக்கை வடிகட்டிக்கு முன்னாலேயே எடுக்கிறது. அதனால் வடிகட்டியும் ஸ்பீக்கரும் பொருந்தாவிட்டால் உச்ச ஸ்தாயியில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வரும். 4 ஓமுக்கு அமைத்த போர்டில் 8 ஓம் மாட்டினால் சிலருக்கு ஒலி சற்றுக் கூர்மையாகத் தோன்றுவது இதனால்தான்.

பல போர்டுகள் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) 32 அல்லது 36 டெசிபலில் வைத்து வருகின்றன. சென்சிட்டிவ் ஸ்பீக்கரில் பாட்டு இல்லாதபோது உஸ் என்ற இரைச்சல் கேட்கும். கெய்ன் ரெசிஸ்டர்களை மாற்றி 26 அல்லது 20-க்கு இறக்கினால் அடங்கும். அப்புறம், இதன் ஸ்பீக்கர் முனைகள் இரண்டுமே உயிருள்ளவை, அதாவது இரண்டிலும் வோல்ட்டேஜ் இருக்கும். மைனஸ் முனையை கிரவுண்டோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. இரண்டு சேனல் மைனஸ்களையும் ஒன்றாக இணைக்கவும் கூடாது.

டிபிஏ 3255 என்ற பெரிய ஐசியும் உண்டு, 53.5 வோல்ட் வரை. நூற்றுக்கணக்கான வாட். அதைத் தொடுவதற்கு முன் சிறியதில் ஒரு வருடம் பாட்டுக் கேளுங்கள்.

பவர் சப்ளை

கிளாஸ் ஏபிக்கு டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபயர், பெரிய கெப்பாசிட்டர் என்ற பழைய வழியே இன்னும் சிறந்தது. ஸ்டீரியோ 20 வாட்டுக்கு 80 முதல் 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோஃபாரட். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால், 1 ஆம்பியர் இழுக்கும்போது அலைவு 1 வோல்ட்டுக்குள் நிற்கும். இதற்கு மேல் கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. டொராய்டு வகை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் காந்தப்புலம் குறைவாகப் பரவும், சின்னப் பெட்டிக்கு அது உதவும்.

இரண்டு 24 வோல்ட் அடாப்டர்களைத் தொடராக இணைத்து ±24 ஆக்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். அவுட்புட் எர்த்தோடு தொடர்பில்லாத அடாப்டர்கள் என்றால் முடியும். பல லேப்டாப் அடாப்டர்களில் டிசி மைனஸ் உள்ளேயே மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டைத் தொடராக இணைத்தால் அவற்றில் ஒன்று எர்த் வழியாக ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டரில் எர்த் முள்ளுக்கும் டிசி மைனஸுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போர்டு, கிரவுண்டு

எல்எம் 1875 என்றால் துளைப்பலகை போதும். எல்எம் 3886-உம் டிடிஏ 7294-உம் கால்கள் முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவதால் பிசிபியோடு (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) வரும் கிட் வாங்குவது நிம்மதி. எதில் கட்டினாலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஒரு நூறு மைக்ரோஃபாரட்டும் ஐசியின் சப்ளை கால்களை ஒட்டியே இருக்க வேண்டும். எல்எம் 1875, எல்எம் 3886 இரண்டும் கெய்ன் 10 மடங்குக்குக் கீழே போனால் நிலைகுலையும், 20 மடங்கைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டே இல்லாதபோது ஐசி அளவுக்கு மீறிக் கொதித்தால், காதுக்குக் கேட்காத அலைவரிசையில் அது ஊசலாடுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஹம் இரைச்சலுக்குக் காரணம் ஐசியாக இருப்பது மிக அபூர்வம், ஒயர் போகும் பாதைதான் காரணமாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து பெரிய கெப்பாசிட்டர்களுக்கு மின்சாரம் குறுகிய, பெரிய துடிப்புகளாகப் பாய்கிறது. அந்தத் துடிப்பு ஓடும் ஒயரின் நடுவில் எங்காவது சிக்னல் கிரவுண்டைப் பிடித்தால், ஒயரின் மிகச் சிறிய தடையிலேயே சில மில்லிவோல்ட் ஹம் உருவாகி, ஐசி அதை இருபது மடங்கு பெருக்கித் தரும். ஆகவே இரண்டு கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் இடத்தில் இருந்து ஒரு குட்டையான ஒயரை இழுத்து, அதன் முனையை நட்சத்திர கிரவுண்டாக வையுங்கள். ஸ்பீக்கர் திரும்பும் ஒயர், போர்டு கிரவுண்டு, சிக்னல் கிரவுண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக அங்கே வரட்டும். ஒலி உள்ளே வரும் சாக்கெட் பெட்டியின் உலோகத்தைத் தொடாமல் இருக்கட்டும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால், வால்யூமை முழுதாகத் திறந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஏறக்குறைய அமைதியாக இருக்கும்.

உலோகப் பெட்டியை மெயின்ஸ் எர்த்தோடு போல்ட் போட்டு இணைப்பதில் சமரசமே கிடையாது. ஹம் குறைகிறது என்று எர்த்தைக் கழற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது. மெயின்ஸ் உள்ளே வரும் இடத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும்.

எதை எடுக்கலாம்?

மெயின்ஸ் வேலை வேண்டாம், விரைவில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் நல்ல காயில் உள்ள டிபிஏ 3116 போர்டும் ஒரு அடாப்டரும். பாகங்களை ஒவ்வொன்றாக அறிந்து, கையால் கட்டிக் கற்க வேண்டும், ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் எல்எம் 1875. 4 ஓம் ஸ்பீக்கர், அல்லது பல வருடம் ஓட வேண்டிய ஒன்றைக் கட்டுகிறேன் என்றால் தயங்காமல் எல்எம் 3886, 18-0-18 டிரான்ஸ்ஃபார்மரோடு. எல்எம் 1875-இல் தொடங்கி, பிறகு அதே பவர் சப்ளையை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் எல்எம் 3886-க்கு மாற்றுவதும் நல்ல பாதை. பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், ஒயரிங் எதுவும் வீணாகாது.

எதை எடுத்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் வழி என்றால் முதல் தடவை மெயின்ஸில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள 60 வாட் பல்பு வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். மங்கியபின், ஸ்பீக்கர் மாட்டாமலேயே, அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் கிரவுண்டு இணைப்பையும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களையும் மறுபடி சரிபாருங்கள். ஐசி செத்தால் முழு 25 வோல்ட் டிசியும் ஸ்பீக்கருக்குள் போகும் என்பதால், விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் யுபிசி 1237 போன்ற ஐசியில் ஓடும் ரிலே பாதுகாப்புப் போர்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் பழைய ஸ்பீக்கரில் ஓட்டுங்கள். இடையிடையே ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைத்திருக்க முடியாத அளவு சூடானால் அடுத்த அளவு பெரிய ஹீட் சிங்க் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நல்ல ஸ்பீக்கரை மாட்டுங்கள்.